நீஸ் துறைமுகத்தில் ஏறிய மற்ற இருவர்

“சித்தப்பா, இதில வேற ஆரும் வருகினமோ?”

வாசுகி என்னிடம் இதைக் கேட்டது 1993ஆம் ஆண்டு யூன் மாதத்தில், லண்டன் செவன் கிங்ஸில் என் அண்ணையின் வீட்டுக் குசினியில். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். “இல்லைப் பிள்ளை. அது பிரைவேட் போட். நீ, நான், தம்பிராசா. அவ்வளவுதான்,” என்றேன். அன்று எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். அது எப்படிப் பொய்யாகிப் போனது என்பதுதான் இந்தப் பயணத்தின் கதை.

தென் பிரான்ஸுக்குப் போனால் ஒரு நாளைக்குத் தனியாகப் படகு எடுக்கலாமா, என்ன செலவாகும் என்று வாசகர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு நாள் அனுபவம். விலைகள் அந்தக் காலத்து விலைகள், பிராங்கில். பவுணுக்கு எட்டரைப் பிராங் கிடைத்தது. ஆனால் கரையும் காற்றும் வெயிலும் மாறியிருக்காது என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். வாசுகி என் அண்ணையின் மூத்த மகள். அப்போது இருபத்தேழு வயது. ஒரு மருத்துவமனையில் மருந்தாளராக வேலை. ஒரு வருடமாக ஒழுங்கான விடுமுறை எடுக்கவில்லை. “எங்கயாவது கடல் இருக்கிற இடத்துக்குப் போகவேணும்” என்றாள். எங்கள் பக்கத்தில் இருந்து கடல் என்றால் சவுத்எண்ட்தான். நாங்கள் போகிற நாட்களில் எல்லாம் அங்கே கடல் எங்கோ வெளியே போயிருக்கும். சேற்றைப் பார்த்துக்கொண்டு சிப்ஸ் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுவோம். நான் அப்போது குட்மேய்ஸில் இருந்தேன், இல்ஃபோர்ட் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்தேன். ஓகஸ்டில் எனக்கு விடுமுறை. என் மனைவிக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை. அதனால் சித்தப்பாவும் பெறாமகளும் மட்டும்.

படகை ஒழுங்கு செய்தவர் தம்பிராசா. ஊரில் என்னோடு ஒன்றாகப் படித்தவர், பாரிஸில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தொலைபேசியில், “நீஸில ஒரு படகுக்காரனைத் தெரியும். காலமை ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் ஐஞ்சுக்குத் திரும்பலாம். நீங்கள் ஆயிரத்து இருநூறு பிராங் தாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றார். முழுநாளுக்கு இரண்டாயிரத்து நானூறு என்று வேறு ஒருவர் மூலம் பிறகு அறிந்தேன். நண்பர் பாதியைத் தன் கையால் போடுகிறார் என்று நெகிழ்ந்து போனேன். அந்த இடத்திலேயே ஒரு கணக்கு வாத்தியாருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வாசுகி ஏன் அப்படிக் கேட்டாள் என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அதற்கு முந்திய ஒரு வருடத்தில் அவளை இரண்டு தரம் ‘தற்செயலாக’ப் பெண் பார்த்திருந்தார்கள். ஒரு தரம் வெஸ்ட் ஈலிங் கோயிலில், அன்னதான வரிசையில். யாரோ ஒரு குடும்பம் தற்செயலாகப் பின்னால் நின்றது, தற்செயலாகக் கதை கொடுத்தது, அவர்களோடு தற்செயலாக ஒரு பொடியனும் இருந்தான். இரண்டாவது தரம் ஒரு பிறந்தநாள் விழாவில். ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை ஒரு பெரியம்மா பக்கத்தில் வந்து நின்று அளந்துவிட்டுப் போனாராம். ஒரு கிழமை கழித்து, “உயரம் காணாது” என்று மூன்றாம் ஆள் மூலம் பதில் வந்தது. தன்னைப் பார்க்க வந்தார்கள் என்பதே அந்தப் பதில் வந்த பிறகுதான் வாசுகிக்குத் தெரியும். அவளுக்குக் கலியாணத்தில் வெறுப்பு இல்லை. “பாக்கிறதெண்டால் சொல்லிப்போட்டுப் பாருங்கோ. சொல்லாமல் செய்யிற ஆக்களோட நான் இனிக் கதைக்க மாட்டன்,” என்று தகப்பனிடம் சொல்லியிருந்தாள். சொன்னபடி தகப்பனோடு இரண்டு மாதம் கதைக்கவும் இல்லை. வீட்டில் அவள் நம்பிக் கதைத்த பெரியவர் அப்போது நான் ஒருவன்தான்.

ஹீத்ரோவிலிருந்து நீஸுக்கு இரண்டு மணித்தியாலம். திரும்பி வரவும் சேர்த்து ஆளுக்கு நூற்று நாற்பது பவுணளவில் முடிந்தது. எங்கள் இருவரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. அகதிகளுக்கான பயணப் பத்திரம் வைத்திருந்தவர்கள் அந்த நாளில் பிரான்ஸுக்குத் தனியாக வீசா எடுக்கவேண்டும், அது இத்தாலிக்குச் செல்லாது. இந்தக் கரையில் இத்தாலி மிகப் பக்கத்தில். படகுக்காரர் உற்சாகத்தில் எல்லையைத் தாண்டிவிடக் கூடும் என்று எங்களுக்கே எச்சரித்தார்கள்.

விமான நிலையத்தில் இருந்து நகரத்துக்குப் பஸ். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறு விடுதியில் ஆளுக்கொரு அறை, ஒன்று இருநூற்றிருபது பிராங். மின்விசிறி இல்லை. யன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், பூட்டினால் வேர்வை. இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். தம்பிராசா பாரிஸிலிருந்து இரவு ரயிலில் வந்து காலையில் துறைமுகத்தில் நிற்பார் என்பது ஏற்பாடு.

விடுதியிலிருந்து துறைமுகத்துக்கு நடந்தால் அரை மணித்தியாலம். காலையில் நடக்கலாம், வெயில் ஏறவில்லை. துறைமுகம் ஒரு நீள்சதுரம். மூன்று பக்கமும் செம்மண் நிறக் கட்டடங்கள், நான்காம் பக்கம் கடலுக்குத் திறந்திருக்கிறது. பெரிய கப்பல்கள் வாய்ப்பக்கம், சிறிய படகுகள் உள்ளே. படகுக்காரரின் பெயர் ரெனே. ஐம்பது வயது இருக்கும், ஆங்கிலம் இருபது சொல். எங்களைக் கண்டதும் கையைக் காட்டி, சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். இந்தக் கரையில் படகுத் தட்டில் சப்பாத்தோடு ஏற விடமாட்டார்கள். எங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

படகில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, அரக்கு நிறக் காஞ்சிபுரம் சேலையில். பக்கத்தில் முப்பது வயதளவில் ஒரு பொடியன். நீளக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. ஓகஸ்ட் மாதம், மத்தியதரைக் கடல், காலை எட்டே முக்கால், டை. அம்மாவின் மடியில் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா.

“வாங்கோ மாஸ்டர், வாங்கோ,” என்றார் அம்மா.

நான் வாசுகியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லோரையும் கடந்து படகின் முன்தட்டுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

தம்பிராசாவைக் காணவில்லை. கரையில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்கு ஓடி, கார்டைப் போட்டுப் பாரிஸுக்கு எடுத்தேன். அவருடைய மனைவி எடுத்தார். “அவர் வரேல்லை அண்ணை. கடைக்குச் சாமான் வந்திட்டுது. எல்லாரையும் ஏறச் சொன்னவர்.”

“எல்லாரும் எண்டால் ஆர் ஆர்?”

“ஐயோ அண்ணை, இஞ்ச கடையில சனம் நிக்குது. போட்டு வாங்கோ.” வைத்துவிட்டார். ரெனே ஹோர்ன் அடித்தார். நான் திரும்ப ஓடி ஏறினேன்.

இப்போது என் நிலைமையை ஒரு உதாரணத்தால் சொல்கிறேன். மூன்று தெரியாக் கணியங்கள் இருக்கின்றன. இவர்கள் யார்? ஏன் வந்தார்கள்? எங்களைப் பற்றி இவர்களுக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது? என் கையில் இரண்டு சமன்பாடு: காஞ்சிபுரம், டை. மூன்றாவது சமன்பாடு பாரிஸில் பருப்பு மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. இதைத் தீர்க்க முடியாது.

“கேட்டால் முடிந்ததுதானே” என்று இளைய வாசகர்கள் நினைப்பார்கள். எங்கள் ஆட்கள் நினைக்க மாட்டார்கள். இது பெண் பார்க்கிற விஷயமாக இருந்தால், நடுவில் நிற்கிற ஆள் இல்லாமல் வாயைத் திறந்து கேட்பது அவமரியாதை. பெண் பார்க்கிற விஷயமாக இல்லாமலிருந்து, நான் கேட்டுவிட்டால், எங்கள் பிள்ளையை நாங்களே தட்டில் வைத்து நீட்டியது போலாகிவிடும். இரண்டு பக்கமும் பள்ளம். ஆகவே நான் எங்கள் சனம் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். சிரித்தேன்.

நீஸிலிருந்து கிழக்கே போகும்போது கரை உங்கள் இடப்பக்கம். காலைச் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும், தொப்பி கட்டாயம். துறைமுக வாயைக் கடந்து மலைமுனையைச் சுற்றியதும் வில்பிரான்ஷ் குடா. தண்ணீர் அங்கே கடும் பச்சை, மிக ஆழம், ஆனால் குளம் போல அமைதி. ரெனே இயந்திரத்தை நிறுத்தினார். முதல் நீச்சல் இங்கே, அரை மணித்தியாலம். வாசுகி உடனே குதித்தாள்.

“பிள்ளை நல்லா நீந்துறா,” என்றார் அம்மா. பெயர் ராசேஸ்வரி, பாரிஸுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில் இருக்கிறார், பொடியன் அவருடைய ஒரே மகன் நிமலன். இவ்வளவும் தானாகவே சொன்னார். பிறகு மெதுவாக, “லண்டனில வீடெல்லாம் சொந்தமாத்தான் வாங்குவினமாம், என்ன மாஸ்டர்?” என்று கேட்டார்.

“ஓம். பாங்கில கடன் எடுத்துத்தான்.”

“பிள்ளைக்கு இரவு வேலையும் இருக்குதோ?”

“சில கிழமை இருக்கும்.”

“குளிர் ஒத்துக்கொள்ளுமோ அவாக்கு? பாரிஸில குளிர் கொஞ்சம் கூட.”

பாரிஸ் குளிர் வாசுகிக்கு ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குள் ஒரு மணி அடித்தது. ஆனால் ஒருவர் எங்கள் பிள்ளையைப் பற்றி இவ்வளவு விசாரித்தால், அவருடைய பிள்ளையைப் பற்றி நாங்களும் இரண்டு வார்த்தை விசாரிக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. ஆகவே கேட்டேன். தம்பிக்கு எங்கே வேலை? தொலைபேசிக் கம்பனியில், இணைப்பு வேலை. நிரந்தரமோ? ஓம். கார் இருக்கோ? இருக்கு. கேட்டு முடித்து நிமிர்ந்தால், படகின் ஏணியைப் பிடித்தபடி தலை நனைந்த வாசுகி. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். துவாயை எடுத்துக்கொண்டு மீண்டும் முன்தட்டுக்குப் போய்விட்டாள்.

ரெனே எங்கள் நால்வரையும் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு, “ஃபமிலி?” என்றார். ராசேஸ்வரி அக்கா “ஓம்” என்றார். நான் “நோ” என்றேன். நிமலன் பிரெஞ்சில் ஏதோ நீளமாக விளக்கினான். ரெனே தலையாட்டிவிட்டு இயந்திரத்தைத் தொடக்கினார்.

அடுத்த பகுதி இந்தக் கரையின் மிக அழகான பகுதி. கப் பெரா முனையைச் சுற்றினால் மரங்களுக்குள் ஒளித்துக் கட்டிய பெரிய வீடுகள். அதன் பிறகு மலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. உச்சியில் ஏஸ் என்கிற கிராமம் பருந்துக்கூடு போலத் தெரியும். பிறகு மொனாக்கோ. அங்கே படகு கட்டினால் தனிக் கட்டணம், இறங்கவும் அதிக நேரம் கிடையாது. வெளியே நின்று பார்த்தாலே போதும். இவ்வளவும் நான் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நினைவில் நிற்பது வாசுகியின் முதுகுதான்.

மொனாக்கோவைத் தாண்டியதும் படகு கொஞ்சம் ஆடத் தொடங்கியது. நிமலனின் முகம் வெளிறியது. டையைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடினான், பாவம். அதைக் கண்டு வாசுகி எழுந்து வந்தாள். அவனை நடுப்பகுதிக்குக் கூட்டிவந்து கீழே இருத்தி, “தூரத்தில அந்த மலையை மட்டும் பாருங்கோ. தண்ணியைப் பாக்காதேங்கோ,” என்று சொல்லி, தன் பையிலிருந்த இஞ்சி பிஸ்கட் இரண்டைக் கொடுத்தாள். “குளிசை இப்ப போட்டு வேலையில்லை. ஏறுறதுக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போட்டிருக்கவேணும்.” மருந்தகக் கவுண்டரில் நிற்கும் அதே குரல். (வாசகர்களே, இதுவும் உங்களுக்கான குறிப்புத்தான்.) பொடியன் கொஞ்சம் தெளிந்தான். இருவரும் இரண்டு மூன்று வசனம் கதைத்தார்கள்.

ராசேஸ்வரி அக்கா அதைப் பார்த்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் பதிலுக்குப் புன்னகைத்தேன். வாசுகி இருவரையும் பார்த்தாள். பார்த்ததுதான் தாமதம், திரும்ப முன்தட்டுக்குப் போய்விட்டாள்.

இத்தாலி எல்லைக்கு முந்திய கடைசி ஊரான மொந்தோனுக்குப் பதினொன்றரைக்கு வந்தோம். மஞ்சள் நிறத் தேவாலயக் கோபுரமும் அதைச் சுற்றி அடுக்கடுக்காக வீடுகளும். கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டார் ரெனே. கிழக்கே ஒரு மலைமுனையைக் காட்டி “இத்தாலி” என்றார். மதியச் சாப்பாடு படகிலேயே என்பது ஏற்பாடு. சாப்பிடுவதற்கு முன் நான் முன்தட்டுக்குப் போனேன்.

“பிள்ளை, சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது.”

“அப்பாவும் கோயிலில இதே வசனம்தான் சொன்னவர், சித்தப்பா.”

“நானும் நீயும் தானும் மட்டும் எண்டுதான் தம்பிராசா சொன்னவர்.”

“அப்ப ஏன் அந்த அண்ணைக்குக் கார் இருக்கோ எண்டு கேட்டனீங்கள்?”

மரியாதைக்குக் கேட்டேன் என்று சொன்னால் எனக்கே நம்பமுடியாமல் இருந்தது. “பின்னேரம் தம்பிராசாவுக்கு எடுத்துக் கேக்கிறன்” என்றேன்.

“அவர் பாரிஸில. அந்த அன்ரி இஞ்ச இருக்கிறா. பத்தடி தூரத்தில.”

“அப்பிடி நேர கேக்கேலாது பிள்ளை.”

அவள் முதல் தரமாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். “எனக்கு அல்ஜிப்ரா படிப்பிக்கேக்க என்ன சொன்னனீங்கள்? விளங்காட்டி விளங்கின மாதிரித் தலையாட்டாதே, கையை உயத்திக் கேள் எண்டு. எத்தினை தரம் திட்டு வாங்கியிருப்பன்? காலமை தொடக்கம் நீங்கள் தலையாட்டிக்கொண்டு இருக்கிறியள்.” பிறகு தாழ்ந்த குரலில், “உங்களையும் நம்பேலாதெண்டால் எனக்கு இனி ஆர் சித்தப்பா இருக்கினம்?”

நான் திரும்பி வந்தேன். பின்தட்டில் ராசேஸ்வரி அக்கா டப்பாவைத் திறந்திருந்தார். உள்ளே பயற்றம் பணியாரம், நிரை நிரையாக. எங்கள் ஊரில் பயற்றம் பணியாரத்தைச் சும்மா ஒரு நாளைக்கு யாரும் சுடுவதில்லை. நல்ல காரியத்துக்குத்தான். மூன்றாவது சமன்பாடு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது கேட்டால் அந்த மனுசியின் முகம் என்னாகும்? கேட்காமல் ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்துவிட்டால், வாசுகியின் கணக்கில் நான் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

டப்பா என் முன்னால் நீண்டது. எடுக்கவில்லை. என்னை அறியாமல் என் வலது கை தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது, வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவது போல.

“அக்கா, குறை நினைக்கக் கூடாது. எனக்கு விளங்கேல்லை. நீங்கள் என்ர பெறாமகளைப் பாக்கவோ வந்தனீங்கள்?”

ரெனே பாண் துண்டை வாய்க்குக் கொண்டு போனவர் அப்படியே நின்றார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் விஷயம் பெரிது என்று விளங்கிவிட்டது. முன்தட்டில் வாசுகி எழுந்து நின்றாள். நிமலன் தன் காலடியைப் பார்த்தான்.

ராசேஸ்வரி அக்கா டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார். “அப்ப... நீங்கள் மாப்பிளை பாக்க வரேல்லையோ?”

“இல்லை.”

“கடவுளே!” என்று நெஞ்சில் கையை வைத்தார். “லண்டனில இருந்து ஒரு மாஸ்டரும் பெறாமகளும் வருகினம், படகில அவையும் இருப்பினம் எண்டு மட்டும்தான் தம்பிராசா சொன்னது. நாங்களும் பாதிக்காசு குடுத்தனாங்கள். கலியாண வயதில ஒரு பிள்ளையோட ஒராள் கடல் கடந்து வந்தால் நான் என்னெண்டு நினைக்கிறது? ஆயத்தமில்லாமல் வந்தினம் எண்டு கதை வரக்கூடாதெண்டு முந்தநாள் இரவு முழுக்க அடுப்படியில நிண்டனான். காலமை தொடக்கம் இந்தக் காஞ்சிபுரத்துக்குள்ள கிடந்து வேகிறன்!”

“அம்மா, டையைக் கழட்டட்டோ?” என்றான் நிமலன்.

வாசுகி சிரிக்கத் தொடங்கினாள். நின்றபடி தொடங்கி, உட்கார்ந்து, கடைசியில் முன்தட்டில் சரிந்து படுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து பிடித்து வைத்தது முழுவதும் வெளியே வந்தது.

ஆனால் அவளோடு சேர்ந்து சிரித்த ராசேஸ்வரி அக்கா சட்டென நிறுத்தி, கொஞ்சம் முகம் சுருக்கி என் பக்கம் திரும்பினார். “ஏன் மாஸ்டர், என்ர பிள்ளையில என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லை அக்கா.”

“உங்கட பிள்ளையிலயும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.”

“அம்மா!” “சித்தப்பா!” இரண்டும் ஒரே நேரத்தில்.

அதற்குப் பிறகுதான் பயணம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். பணியாரம் சாப்பிட்டோம். ரெனே ஏழு சாப்பிட்டார். சேலை உப்புத் தண்ணீரில் பழுதாகிவிடும் என்று வாசுகி தன் பையிலிருந்த நீளக் காற்சட்டையையும் ரீசேர்ட்டையும் கொடுத்தாள். கூரைக்குக் கீழே துவாயால் மறைப்புப் பிடித்தாள். ராசேஸ்வரி அக்கா வெளியே வந்து, “வாழ்க்கையில முதல் தரம் காற்சட்டை. பாரிஸில ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது,” என்று உத்தரவிட்டார். காஞ்சிபுரத்தை மடித்துக் காலியான பணியார டப்பாவுக்குள் வைத்துப் பூட்டினோம். வாசுகி அவரை ஏணியின் கடைசிப் படி வரை இறக்கி, கழுத்தளவு தண்ணீரில் நிற்க வைத்தாள். மத்தியதரைக் கடலில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்பதை மொந்தோன் முழுவதும் பார்த்திருக்கும்.

திரும்பும்போது மூன்று மணிக்கு மேல் கடல் காற்று எழும்பும். தண்ணீர் தெறிக்கும், ஒரு மேலங்கி வேண்டும். கரையின் மேல் மாலை வெயில் விழுவதால் காலையில் மங்கலாகத் தெரிந்த ஊர்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. வாசுகி இம்முறை என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வீடு யாருடையதாக இருக்கும் என்று கற்பனை செய்துகொண்டு வந்தாள். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்க நீஸ்.

அதே கூண்டில் இருந்து தம்பிராசாவைப் பிடித்தேன்.

“கலியாணமோ? எனக்கென்ன விசரோ? ஒரு பகுதிக்கு முழுப் படகு எடுத்தால் காசு கூட. அதான் ரெண்டு பகுதியைச் சேத்து விட்டன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அது சரி, பிள்ளையள் கதைச்சவையோ?”

இன்று வரை எனக்குத் தெரியாது. காசு மிச்சம் பிடிக்க எங்களைச் சேர்த்து, அமைந்தால் நல்லதுதானே என்று நினைத்தாரா? அல்லது அமையட்டும் என்று சேர்த்துவிட்டு, காசைச் சாட்டாகச் சொன்னாரா? பல வருடம் கழித்து நேரில் கேட்டேன். சிரித்தார். இந்தக் கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருக்கின்றன என்று விட்டுவிட்டேன்.

வாசுகிக்கும் நிமலனுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ராசேஸ்வரி அக்காவும் நாங்களும் நெடுங்காலம் டிசெம்பரில் நத்தாருக்குக் கார்ட் அனுப்பிக்கொண்டோம். அவருடைய கார்டில் எப்போதும் ஒரே கடைசி வரி: “காற்சட்டை விஷயம் ஒருத்தருக்கும் சொல்லவில்லைத்தானே?” இப்போது சொல்லிவிட்டேன் அக்கா, குறை நினைக்கக் கூடாது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். யூன் அல்லது செப்டெம்பர் நல்லது, ஓகஸ்டில் துறைமுகம் நெருக்கம். படகுக் கூலியில் எண்ணெய்ச் செலவு சேர்ந்ததா என்று முன்கூட்டியே கேளுங்கள், எங்களுக்குச் சேர்ந்திருந்தது. போகும்போது இடப்பக்கத்திலும் வரும்போது வலப்பக்கத்திலும் இருந்தால் கரை உங்கள் முன்னால் இருக்கும். குளிசையை முதலே போடுங்கள். இஞ்சி பிஸ்கட் கொண்டு போங்கள். பட்டு வேண்டாம். டை வேண்டவே வேண்டாம்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை, குட்மேய்ஸ் வீட்டில் தொலைபேசி அடித்தது. வாசுகி. “சித்தப்பா, சனிக்கிழமை உங்கட வீட்டை வாறன். என்னோட ஒராள் வாறார். பெயர் ரகு, என்ர ஆஸ்பத்திரியில வேலை. அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல். ஆர் வருகினமெண்டு இப்பவே சொல்லிப்போட்டன், சரியோ?”

“சரி பிள்ளை,” என்றேன். “வேற ஆரும்?”

“ஒருத்தரும் இல்லை,” என்றாள். நான் நம்பினேன். சனிக்கிழமை இரண்டு பேர்தான் வந்தார்கள்.

ஆகவே வாசகர்களே, படகுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன், அதில் ஏறப்போகும் ஒவ்வொருவரின் பெயரையும் நேரே கேட்டு, உங்களோடு வருபவருக்கு அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.